அம்மா அழவில்லை

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளாங்குடி வீட்டை விற்க அக்ரிமென்ட் போட்டிருந்தேன். பத்திரப் பதிவுக்கு முதல் நாள், வேறொருவர் கூடுதல் விலை தருவதாகப் புரோக்கர் சொன்னார். எனக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டை வாங்கவிருந்தவர் சமயநல்லூரில் வாடகைக்கு இருந்த வேன் டிரைவர். அவரிடம் போய், "வீட்ட விட்டு வர மாட்டேன்னு அம்மா அழுகுதுண்ணே. அக்ரிமென்ட்ட ரத்து பண்ணிக்கிருவோம்" என்றேன். உண்மையில் அம்மா பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

"என்னண்ணே, நாளைக்குப் பதிவ வச்சுக்கிட்டு இம்புட்டு லேசாச் சொல்றீங்க?" என்று அவர் கோபப்பட்டார். அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் மனைவி, சாமி படத்தடியில் வைத்திருந்த, ஓரத்தில் மஞ்சள் தடவிய அக்ரிமென்ட்டை எடுத்து வந்து கணவரிடம் கொடுத்தார்.

"பெரியவங்கள அழ வச்சுட்டு அந்த வீட்ல நாம எப்படிங்க பால் காய்ச்சுறது? குடுத்துருங்க."

அவர் என்னிடம் நீட்டினார். வாங்க என் கை போகவில்லை. பொய் என்று ஒப்புக்கொள்ளவும் வாய் வரவில்லை. "அம்மாட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த உண்மையை இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

மறுநாள் பத்திரம் பதிந்தோம். சாவி வாங்க வந்த அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நெனச்சப்பெல்லாம் வந்து இருங்கம்மா" என்றார். அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.