தீவுச் சிறையில் எங்கள் அக்கோ

யாங்கோனை ஒட்டிய லைங் தாயாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலை. தையல் எந்திரங்களின் மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்ததும் கிடைத்தது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை யாங்கோனில் எல்லோரும் ஃபெரி என்றுதான் சொல்வார்கள். அதில் என் பக்கத்து இருக்கையில் வருபவள் காலர் தைக்கும் பகுதியில் இருந்த ஒரு வங்காளிப் பெண். அவளுடைய அண்ணன் கப்பல்காரர். சிட்டகாங் போய்த் திரும்பும்போதெல்லாம் அவளுக்குச் சின்னச் சின்ன வங்காள உளவு நாவல்களைக் கொண்டுவருவார்.

எல்லாம் ஒரே தொடர், ஒரே கதாநாயகன். நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் வந்தும் அவனுக்கு வயது ஏறவில்லை. வீட்டில் படித்ததை அவள் காலையில் ஃபெரியில் பர்மிய மொழியில் சொல்வாள். அவனிடம் எனக்குப் பிடித்தவை: எந்த வண்டியையும் ஓட்டுவான், அடிபட்டால் அலட்டிக்கொள்ளமாட்டான், தப்பிக்க எப்போதும் இரண்டாவது வழி வைத்திருப்பான். பிடிக்காதது, ஊருக்கு ஊர் ஒரு காதலி.

அவன் பெயரை மட்டும் அவள் சொல்லமாட்டாள். எங்களைவிட மூத்தவனை வெறும் பெயர் சொல்லி எப்படிப் பேசுவது? பர்மியரிடமும் அந்தப் பழக்கம் இல்லை, பர்மாத் தமிழரான எங்களிடமும் இல்லை. ஆகவே ஃபெரி முழுவதற்கும் அவன் ‘அக்கோ’ ஆனான். பர்மிய மொழியில் அண்ணன்.

அந்த வாரம் அக்கோ எதிரிகளின் சிறையில் இருந்தார். ஒரு காலை, ஃபெரியிலிருந்து இறங்கி நான் முன்னால் நடந்துவிட்டேன். வாசலில் நின்று அவள் கத்தினாள்:

“ஏய், கவலைப்படாதே! அக்கோ நாளைக்கு ஜெயிலை உடைச்சிட்டு வந்துடுவார்!”

சிறையில் இருக்கும் அண்ணன்மாரைப் பற்றி ராணுவ ஆட்சி நடந்த அந்த வருடங்களில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. வாசல் காவலாளி வேலைக்குப் புதியவர். நேரே அலுவலகத்துக்குப் போனார்.

எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். என் தோழியிடம் இருந்தது முழுக் குடியுரிமை அட்டை இல்லை. புகார் தொழிற்சாலையைத் தாண்டினால் வேலை போவதோடு நிற்காது.

நிர்வாக அதிகாரி ஒரு பர்மியப் பெண்மணி. சயாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம்.

“யார் அந்த அக்கோ?”

“கதையிலே வர்ற ஆளு, சயாமா.”

“எந்தப் பேட்டை?”

தோழி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் கைத்துப்பாக்கி. சயாமா அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். நான் வரிசையாகச் சொன்னேன்: ஒன்று, இது நாவல். இரண்டு, கடையில் விற்பது. மூன்று, இந்த ஆள் பிறக்கவே இல்லை.

“உனக்கு இந்த எழுத்து தெரியுமா?”

“தெரியாது, சயாமா.”

“அப்புறம் எப்படிச் சொல்றே?”

என் வரிசை அதோடு தீர்ந்தது. ஃபெரி டிரைவரைக் கேளுங்கள், அவரும் தினமும் கதை கேட்கிறவர் என்று மட்டும் சொன்னேன். வெற்றிலைக் கறையோடு வந்து நின்றவரிடம் சயாமா வேறெதுவும் சொல்லாமல், “அக்கோ எங்கே?” என்றார்.

“தீவு ஜெயில்லே, சயாமா. எல்லாம் அந்தச் சிவப்புக் கவுன்காரி செஞ்ச வேலை. அவளை நம்பாதேன்னு நான் அப்பவே சொன்னேன்!”

என் தோழிக்குப் பயம் மறந்துவிட்டது. டிரைவரை ‘ஊலே’, மாமா என்றுதான் கூப்பிடுவோம். “ஊலே, சும்மா அவளைத் திட்டாதீங்க! ரொட்டிக்குள்ளே சாவி வெச்சுக் குடுத்ததே அவதான்!”

“சாவியா? எப்போ? எங்ககிட்டே சொல்லவே இல்லையே!”

“நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்!”

“இப்படி நடுவிலே உடைச்சிட்டியே, பாவி!”

டிரைவரின் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை யாரும் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது. சயாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாவி பூட்டுக்குச் சேர்ந்துச்சா?” என்று கேட்டார்.

“சேர்ந்துச்சு, சயாமா. ஆனா வெளியே நாய் இருக்கு.”

சயாமா சிரித்துவிட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். “இனிமே அந்த ஆளுக்கு ஒரு பேரைச் சொல்லுங்க. மரியாதை குறைஞ்சாலும் பரவாயில்லே.” புகார் அந்த அறையோடு நின்றது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். தோழி தன் டிபனை முடித்துவிட்டு, கேட்காமலே என் டிபனையும் இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, “ரொம்ப காரம்டி” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சாப்பிட்டாள். அன்று நான் கொண்டுபோனது தயிர்ச்சோறு.