எடை என்றொரு மேக்ரோ

ஜெயஷீலாவின் குரல் எதிலும் பதிவாகவில்லை. கடைசி எட்டு மாதம் பக்கவாதம் அவள் பேச்சைப் பிடுங்கிக்கொண்டது. அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் அவளுடைய பழைய வார்த்தை ஒன்று கணவர் எஸ்றாவுக்கு நினைவு வந்தது: “என் மேக்ரோகிட்ட ஒருநாள் தப்பு பண்ணிப் பாருங்க. அது பேசும்.”

கல்யாணத்துக்கு முன் இருவருக்கும் துறைமுகச் சரக்குக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில், பெரிய கணிப்பொறிப் பிரிவில் வேலை. அடிக்கடி வேண்டிய கட்டளைகளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிட்டால் அது மேக்ரோ. பெயரை எழுதினாலே போதும், மற்றதை அசெம்ப்ளர் என்ற மொழிமாற்றி நிரல் விரித்துக்கொள்ளும். சரக்கின் எடையைக் கணக்கில் ஏற்ற ‘எடை’ என்று எஸ்றா ஒன்று எழுதியிருந்தார். புதிதாக வந்த ஜெயஷீலா அதே பெயரில் இன்னொன்று எழுதினாள். அது பேசி அவர் கேட்டதில்லை.

இப்போது அந்தக் கணிப்பொறி இல்லை. அதைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்றை மகள் ஜெப்ஸி அவர் மடிக்கணினியில் போட்டுக்கொடுத்திருந்தாள்; பழைய காந்த டேப்பில் இருந்த இருவரின் மேக்ரோக்களையும் சென்னையில் ஆள் பிடித்து மாற்றி அனுப்பியிருந்தாள். மனைவியின் மேக்ரோவைத் திறந்தே படித்திருக்கலாம். அது ஒளிந்திருந்து பார்ப்பது மாதிரி இருந்தது அவருக்கு. அவள் சொல்லவேண்டும், தான் கேட்கவேண்டும்.

முதலில் ‘எடை’ என்ற கட்டளையே தெரியாது என்றது எமுலேட்டர். டேப்பிலிருந்து மாற்றியதில், கோப்பின் வகையைச் சொல்லும் வால் எழுத்துகள் பெயர்களில் விட்டுப்போயிருந்தன. ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பிறகு, வேண்டுமென்றே எடையின் அலகை விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் கொடுத்தார். பிழை ஏதுமில்லை என்று வந்தது. மறுபடியும் ஓட்டினார். அதே மௌனம்.

மகளிடம் போனில் சொன்னார். மேக்ரோக்களைத் தொகுத்து வைத்திருக்கும் நூலகங்களை எந்த வரிசையில் கொடுத்திருக்கிறார் என்று கேட்டாள். ஆபீஸில் இருந்தபடிதான், சீனியரான தன்னுடையது முதலில் என்றார். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் அகப்படுவதைத்தான் அசெம்ப்ளர் எடுக்கும். அது அவருக்குத் தெரியாததல்ல.

“அங்கனயும் அம்மா உங்களுக்குப் பின்னாலதானாப்பா?” என்றாள் ஜெப்ஸி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சன்னல் கம்பியில் படிந்த நிலக்கரித் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடமும் அவளுடைய ‘எடை’யை ஒருதரம்கூட யாரும் கூப்பிட்டதில்லை.

வரிசையை மாற்றி ஓட்டினார். பிழைச் செய்தி ஒன்று வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்:

“சார், டன்னா கிலோவா? இன்னைக்கும் மறந்துட்டியளா?”

சார். கட்டிக்கொண்ட பிறகு அவள் அப்படி அழைத்ததே இல்லை.

கைப்பழக்கத்தில் ‘டன்’ என்று சேர்த்து ஓட்டிவிட்டார். செய்தி மறைந்தது. பிழை ஏதுமில்லை. அவசரமாக அந்தச் சொல்லை அழித்தார். அவள் மறுபடி கேட்டாள்.

மறுநாள் ஜெப்ஸி அழைத்து, சரியாகிவிட்டதா என்றாள்.

“இல்லம்மா,” என்றார் எஸ்றா. “ஒரு தப்பு இருக்கு. அது கிடக்கட்டும்.”