பழனியம்மாள் குடித்த தண்ணீர்

செய்தி வந்தபோது நான் நீதிமன்ற வாசலில் ஒரு காவலரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமான சண்டைதான். கைதியாக வந்த மகனைப் பார்க்க நின்ற ஒரு வயதான அம்மாவை அந்தக் காவலர் "ஏ, தள்ளிப் போ" என்று விரட்டினார். அவருக்கு நான் மரியாதைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. எடுத்தால் பழனியம்மாளின் மகள் கோகிலா. "வக்கீலக்கா, அம்மா போயிட்டாங்க" என்றாள். மேட்டூரில் பந்தோபஸ்து முடிந்து வீடு திரும்பும் வழியில், பேருந்திலேயே நெஞ்சுவலி. நான் அந்தக் காவலரிடம், "உங்க ஏட்டம்மா பழனியம்மா செத்துப்போயிட்டாங்க" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவைத் தானே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலையே வாட்ஸப்பில் இரங்கல்கள் குவிந்துவிட்டன. கனிவின் திருவுருவம், தாயுள்ளம், பொறுமையின் சிகரம். உங்களில் பலரும் அவற்றைப் பகிர்ந்தீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவற்றிலேயே நீளமான இரங்கலை எழுதியவர் ஒரு காவல்துறை அதிகாரி. ஒரு காலத்தில் எங்கள் ஊர் ஆய்வாளர், இப்போது டி.எஸ்.பி. "அன்னாரின் மனிதநேயம் நம் துறைக்கே பெருமை" என்று எழுதியிருந்தார். அந்த மனிதநேயத்துக்காகப் பழனியம்மாளுக்கு 17 பி மெமோ வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 17 பி என்பது பெரிய தண்டனையில் கொண்டுபோய் விடக்கூடிய குற்றச்சாட்டு. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு கிடையாது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் சிறப்பு எஸ்.ஐ. ஆகிவிட, பழனியம்மாள் கடைசிவரை ஏட்டாகவே இருந்து செத்தார். அந்த மெமோ எதற்காக வந்தது என்பதை எழுதாமல் அவரைப் பற்றி எதை எழுதினாலும் அது பொய்.

அவரை நான் முதலில் பார்த்ததும் ஒரு சண்டையில்தான். திருச்செங்கோட்டுப் பக்கம் நூற்பாலைகள் நிறைந்த ஊர் எங்களுடையது. ஒடியா பேசுகிறவர், வங்காளம் பேசுகிறவர், பீகாரிலிருந்து வந்தவர் என்று ஆலைக் குடியிருப்பில் பாதி இந்தியா இருக்கிறது. எங்கள் காவல் நிலையத்தில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்: இந்திக்காரன். ஒரு திருட்டுப் புகாரில் ஒடிசாக்காரர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். பெயர் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சத்தம் போட ஆரம்பித்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஏட்டம்மா எனக்கு முன்பாகவே எழுந்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்த காவலரைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, இந்திக்காரான்னு சொல்லியா அவங்கம்மா இவனைச் சோத்துக்குக் கூப்பிட்டிருப்பா? பேரைக் கேட்டு எழுதுங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்களும் இங்கிருக்கற எல்லாரு மேலயும் கத்தாதீங்க வக்கீலம்மா. கோவத்தை வீணாக்கப்படாது. ஆருக்குச் சேரோணுமோ அவங்களுக்குப் போய்ச் சேரோணும்."

அவர் பட்டியலினக் குடியிருப்பிலிருந்து காக்கிச் சட்டைக்கு வந்தவர். விசாரணைக்காகத் தோட்டத்து வீடுகளுக்குப் போனால், கூட வந்த காவலருக்கு எவர்சில்வர் டம்ளரிலும் இவருக்குப் பேப்பர் கப்பிலும் தண்ணீர் வரும். சில வீடுகளில் அதுவும் வராது. இதை அவர் என்னிடம் புகாராகச் சொன்னதில்லை. ஒரு தடவை சிரித்துக்கொண்டே, "மரியாதைங்க வக்கீலம்மா, எனக்கு மட்டும் புது கப்பு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி அந்தத் தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

தீபாவளி முடிந்த வாரம். பீகார்க் குடும்பங்கள் சட் பூஜை செய்வது அப்போதுதான். பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்து, மாலையில் நீரில் இறங்கி நின்று, மறையும் சூரியனுக்கு முறத்தில் பழமும் பலகாரமும் ஏந்திப் படைப்பார்கள். கூடவே முழுக் கரும்பை நட்டுப் பிடித்திருப்பார்கள். மறுநாள் விடிகாலையில் அதே நீரில் நின்று உதிக்கும் சூரியனுக்கும் படைத்த பிறகுதான் வாயில் தண்ணீர். ஆலைக் குடியிருப்பின் சுனிதாவுக்கு அது நேர்த்திக்கடன். பிழைக்க மாட்டான் என்று மருத்துவர்கள் கைவிட்ட மகன் பிழைத்து எழுந்ததற்காக எடுத்துக்கொண்ட விரதம். நடுவில் முறிந்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் நம்பிக்கை.

எங்கள் ஏரிக்கரையில் பாதி கரும்புத் தோட்டம். கையில் கரும்போடு இந்திக்காரர்கள் கூட்டமாக ஏரியில் இறங்குகிறார்கள் என்று தோட்டக்காரர் ஒருவர் நிலையத்துக்குப் போன் செய்தார். கரும்பு சந்தையில் வாங்கியது. எங்கே வாங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எங்கள் ஆய்வாளர் ஜீப்பில் வந்து லத்தியால் கேட்டார். முறங்களைப் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். சுனிதாவின் கணவர் ரமேஷ் கொஞ்சம் தமிழ் தெரிந்தவர், நான்கு வார்த்தை பேச முயன்றார். அவருக்குத்தான் அதிகம் விழுந்தது, வலது கை வீங்கிவிட்டது. ஆண்கள் சிலரையும், கணவனை விடாமல் பிடித்துக்கொண்ட சுனிதாவையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆலை மேற்பார்வையாளர் எனக்குச் சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தில் விளக்கு போட்டிருந்தார்கள்.

ஒரு பெண் காவலர் பாவப்பட்டுச் சுனிதாவிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அவள் கைகூப்பித் தலையை ஆட்டினாள். மறுபடி நீட்டினார். மறுபடி அதே கும்பிடு. ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் கொடுத்த தண்ணீரை வாங்காமல் இருப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. உன் கைத்தண்ணீர் எனக்கு ஆகாது, நீ எனக்குக் கீழே. நாமே கண்டுபிடித்து, நாமே தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய அர்த்தம். அந்த அர்த்தம் பழகாத போலீஸுக்கு அந்தக் கும்பிடு அப்படித் தெரிந்திருக்காது. எங்கள் ஆய்வாளருக்கு அப்படித்தான் தெரிந்தது.

"பொழைக்க வந்தவளுக்கு நம்ம கைத்தண்ணி ஆவாதாமா?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு ஸ்டேசன்ல மயக்கம் போட்டு உழுந்து நம்ம பேரைக் கெடுப்பா. புடிச்சு வாயில ஊத்துங்க."

"சார், விரதம் சார். காலையில சூரியன் வந்தா குடிப்பா சார்" என்று ரமேஷ் தரையில் உட்கார்ந்தபடி சொன்னார். பக்கத்தில் நின்ற காவலர் அவர் கன்னத்தில் அறைந்தார். சொன்னது அந்த அறையிலிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. பெண் காவலர் டம்ளரோடு சுனிதாவை நெருங்கினார். சுனிதா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சட்டம் பேசினேன். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண்ணை இப்படி நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று கத்தினேன். என் குரலை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை.

பழனியம்மாள் நடந்து வந்து அந்த டம்ளரைப் பெண் காவலரின் கையிலிருந்து வாங்கினார். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் தானே குடித்தார். காலி டம்ளரை ஆய்வாளரின் மேசைமேல் வைத்தார்.

"தண்ணி குடிச்சாச்சுங்கய்யா" என்றார். "தண்ணி வேண்டாம்னு சொல்றதுல எத்தனை தினுசு இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. என்ற வயசுக்கு எல்லாத்தையும் பாத்துட்டேன். இது அது இல்லீங்க."

ஆய்வாளர் முகம் செத்துவிட்டது. எந்தத் தினுசைச் சொல்கிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. சுனிதாவைத் தன் பொறுப்பில் வீட்டில் விடுவதாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் பழனியம்மாள் அவள் தோளைப் பிடித்து எழுப்பினார். "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்." சுனிதாவுக்குத் தமிழ் தெரியாது. எழுந்து அவர் பின்னால் போனாள்.

மறுநாள் விடிகாலையில் ஏரிக்கரையில் உள்ளூர் ஆட்கள் கூடிவிட்டார்கள், இறங்கவிட மாட்டோம் என்று. பழனியம்மாள் சீருடையில் வந்தார். அவர் முன்னால் நடக்க, மிதிபடாமல் மிஞ்சிய முறத்தை ஏந்திக்கொண்டு சுனிதா பின்னால் இறங்கினாள். கரும்பைப் பிடிக்க ரமேஷ் இல்லை, அவர் வீங்கிய கையோடு இன்னும் நிலையத்தில். பழனியம்மாள் பேன்ட் நனைய முழங்கால் தண்ணீரில் நின்று அந்தக் கரும்பைப் பிடித்துக்கொண்டார். கரையில் நின்ற ஒருவனும் கல்லெடுக்கவில்லை. சூரியன் வந்தது. சுனிதா படைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, பழனியம்மாள் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். யாரோ அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

மெமோ வந்தது. உத்தரவின்றி ஒருவரை நிலையத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்றது ஒரு குற்றம். சீருடையில் மதச் சடங்கில் பங்கேற்றது இன்னொரு குற்றம். இதைப் படித்த அன்று நான் நிலையத்துக்குப் போய்ச் சிரித்தேன். ஆயுத பூஜைக்கு அதே நிலையத்தில் லத்திக்கும் ஜீப்புக்கும் சந்தனம் பூசிப் பொரி கொடுத்தவர் அதே ஆய்வாளர். மாரியம்மன் பண்டிகையில் தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு வழிவிட்டு, சீருடையிலேயே கும்பிட்டு நெற்றியில் திருநீறு வாங்குகிற காவலர்களுக்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் சாமி என்றால் பந்தோபஸ்து, அவன் சாமி என்றால் லத்தி என்றால் அதற்குப் பெயர் சட்டம் ஒழுங்கு இல்லை. பழனியம்மாளை மேட்டூருக்கு மாற்றினார்கள். ரமேஷை அடித்தது யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்துத் துறை திருந்தியது. அதாவது, ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி முகாம் வைத்தது. "பன்முகச் சமூகங்களுடன் காவல்துறை நல்லுறவு." சட்டம் பற்றிப் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிறப்புரை அந்த ஆய்வாளர், அதற்குள் டி.எஸ்.பி. பிற மாநிலத்தவரின் பண்டிகைகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்றார். திரையில் ஒரு படம் வந்தது. ஏரி, முறம் ஏந்திய சுனிதா, பக்கத்தில் கரும்பைப் பிடித்த ஒரு காக்கிக் கை. கைக்கு மேலே படத்தை வெட்டியிருந்தார்கள். "நம் நிலையத்தின் முன்முயற்சி" என்றார். மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில், பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவராகப் பழனியம்மாள் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "என்ற கை நல்லாத்தான் விழுந்திருக்குதுங்க, மூஞ்சியைத்தான் காணோம்" என்று பழனியம்மாள் சிரித்தபடி இலையில் தண்ணீர் தெளித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பண்டிகைப் பேரை மனப்பாடம் பண்ணி என்னுங்க ஆவப்போவுது? அன்னைக்கு ரமேசு சொன்னான்ல, விரதம்னு? தமிழ்லதான சொன்னான்? தெரியாம நடந்துச்சுன்னு இன்னைக்குப் பாடம் நடத்தறாங்க. தெரியாம இல்லீங்க வக்கீலம்மா. சொன்னவனை அறைஞ்சாங்க." அந்த மண்டபத்தில் அன்று நடந்த ஒரே வகுப்பு அதுதான், அதைக் கேட்டவள் நான் மட்டும்.

இப்போது இந்த மாதத்துக்கு வருகிறேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அதிகாரி துக்கம் கேட்கப் பழனியம்மாள் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில். நானும் இருந்தேன், சுனிதாவும் ரமேஷும் இருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவைப் போல ஒருவரைப் பார்க்க முடியாது என்றார். கோகிலா உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "இருக்கட்டும்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்று எழுந்துவிட்டார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய கையோடு, பாட்டில் தண்ணீரைத் திறந்து பாதியைக் குடித்தார். கண்ணாடி திறந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம். கோகிலா டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். சுனிதா எழுந்து போய் அதை அவள் கையிலிருந்து வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

எல்லோரும் பழனியம்மாளிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டதாக எழுதுகிறீர்கள். நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. அவரிடம் அது நிறைய இருந்தது. அதை வீணாக்காமல் வைத்திருந்தார். அந்த மெமோவை ரத்து செய்யக் கேட்டு மனு போட்டிருக்கிறேன். செத்தவருக்கு எதற்கு என்று கேட்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்காகத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. அந்த அதிகாரிதான் படத்தைத் திறந்துவைக்கிறார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. திறந்துவைக்கட்டும். இந்தத் தடவை முகமும் சேர்ந்தே இருக்கிற படம். முன்வரிசையில் நானும் சுனிதாவும் ரமேஷும் உட்கார்ந்திருப்போம். அவர் பேசி முடித்ததும் கோகிலா மேடையேறி, அதே எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுப்பாள். நீங்களும் வந்து பாருங்கள்.