டப்பாவில் இருந்த சாம்பிராணி

மீர்சாகிப்பேட்டை ஹாஜிரா பீ கல்நெஞ்சுக்காரி என்று தெருவே பேசியது. பாதி பொய். மகன் ஒருவனுக்காகத்தான் அந்த நெஞ்சு அப்படி இறுகிக் கிடந்தது.

மகன் இனாயத், சுமத்ராவில் மேடான் நகரத்துச் சாம்பிராணி மண்டியில் வேலை பார்த்தான். நாற்பத்தொன்றாம் வருஷம் ஊருக்கு வந்தபோது உள்ளங்கை அளவுச் சாம்பிராணிக் கட்டி ஒன்றைத் தாயிடம் கொடுத்தான்.

"நானே மரத்துலேர்ந்து பேத்து எடுத்தேம்மா. அந்தக் காட்டுல வெயிலே தரைக்கு வராது. தெனம் மழை, காலு பூரா அட்டை. பெரிய மரங்களோட நெழல்ல இந்தச் சாம்பிராணி மரம் ஒல்லியா நின்னுக்கினு கீது. பட்டையைக் கொத்தி உட்டா பால் மாதிரி வடியும். அது இறுகறதுக்கு மாசக்கணக்கா காத்துக்கினு இருக்கணும்."

அவன் திரும்பக் கப்பலேறியபோது மனைவி சகினா முழுகாமல் இருந்தாள். ஹாஜிரா பீ கட்டியைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். "நீ வந்து சேர்ற அன்னிக்குத்தான் இதுல பொகை" என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவளிடம் பேரம் நடக்காது.

மறு வருஷம் ஜப்பான்காரன் சுமத்ராவைப் பிடித்தான். இனாயத்திடமிருந்து சேதி நின்றது. கடைகளில் சாம்பிராணியும் நின்றது. நம் மலைக் குங்கிலியத்தைப் போட்டு ஊர் சமாளித்தது.

அப்பா முகம் பார்க்காத பேத்தி ஜமீலா மூன்று வயதில் காய்ச்சல் கண்டு இறந்தாள். உடலைச் சுற்றும் கஃபன் துணிக்குப் புகை காட்ட வேண்டும். சகினா மாமியாரின் காலைப் பிடித்தாள்.

"டப்பாவைத் தொறங்க மாமி. அப்பன் கைப்பட்ட வாசனையாவது புள்ளைக்குக் கெடைக்கட்டும்."

திறந்தால் மகன் வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கிழவிக்குப் பயம். பாழாய்ப்போன பயம்! "குங்கிலியம் போதும்" என்றாள். அந்தச் சின்னத் துணி குங்கிலியப் புகையோடு போயிற்று. சகினா அவளோடு பேசுவதை அன்றே விட்டாள். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

யுத்தம் முடிந்தபின், இனாயத்தோடு வேலை பார்த்த காதர் வந்து வாசலிலேயே அழுதான்.

"ஜப்பான்காரன் ஆள் புடிச்சப்போ மலைக்கு ஓடினோம்மா. அந்த மரக்காட்டுலயே இனாயத் காய்ச்சல்ல போயிட்டான். ஜப்பான்காரன் வந்த மறு வருஷமே."

பேத்தியின் கஃபனுக்கு அவள் இல்லையென்ற அன்று, மகன் மண்ணுக்குள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் இறந்தவனுக்குப் பாத்திஹா ஓதப் பள்ளிவாசல் மோதினார் வந்தார். ஹாஜிரா பீ தணலில் ஒரு பிடி குங்கிலியத்தைத் தூவி, "இது இனாயத்துக்கு" என்றாள். பிறகு டப்பாவைத் திறந்து, கட்டியை முழுசாகத் தணலில் வைத்தாள்.

"இது ஜமீலாவுக்கு."

"இப்ப இன்னாத்துக்கு மாமி?" என்றாள் சகினா.

இத்தனை நாளில் அவள் மாமியாரிடம் வாய் திறந்தது அப்போதுதான். சகினா எழுந்துபோய், புகை வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.