மூன்று இடத்தில் ஒடித்துப் பார்ப்பது

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் காலம் தள்ளுகிறவன் மஞ்சளாகிப்போனால் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியவில்லை. உள்ளங்கை, வேட்டி, காது மடல் எல்லாம் ஏற்கெனவே அந்த நிறம்தான். மனைவிதான் ஒருநாள் காலையில் என் இமையை இழுத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, கண்ணுக்குள்ளயுமா மஞ்சத்தூளு போகும்?”

கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக்குழாய் ஓரிடத்தில் இறுகி அடைத்திருந்தது. புற்றுநோயாக இருக்கலாம் என்று டாக்டர் வாய் வழியே குழாய் விட்டு, அங்கிருந்து துளி சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரத்தில் நான் செய்த வீரச்செயல், போட்டோ ஸ்டுடியோவுக்குக் கிளம்பியது. மாலை போட்டு மாட்ட வீட்டில் உருப்படியான படம் ஒன்றுகூட இல்லை.

“போறதுதான் போறீங்க, கருப்பு வெள்ளைல எடுங்க. மஞ்ச மூஞ்சி தெரியாது” என்றவள், அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

முடிவு வந்தது. “புத்துநோய் செல் இல்லீங்க. நோயோட சண்டை போடற வெள்ளை அணுக்கள்தான் கூட்டமா நிக்குது” என்றார் டாக்டர். நான் செருப்பைத் தேடினேன். மனைவி நாற்காலியை விட்டு அசையவில்லை.

“மண்டில இவரு ஒரு எடத்துல கைய உட்டுப் பாத்து மூட்டைய எடுக்க மாட்டாருங்க. வாயி, நடு, அடின்னு மூணு எடத்துல எடுத்து ஒடிச்சுப் பாப்பாரு. நீங்க ஒரு எடந்தானுங்களே கிள்ளுனீங்க?”

தொழில் ரகசியத்தை வீட்டில் சொன்னது என் குற்றம்.

டாக்டர் சிரிக்கவில்லை. “அம்மணி கேக்கறது சரிதானுங்க. இந்தப் புத்துநோயில கட்டியச் சுத்தி வெள்ளை அணுவும் நாருமா மண்டிக் கெடக்கும். சண்டைக்கு வந்ததுல சிலது கட்சி மாறி, கட்டிக்கே வேலி போட்டுக் குடுத்துரும். நாம கிள்ளுனது வெறும் வேலியா இருந்தா?”

எனக்குள்ளேயே கட்சி மாறிகளா! மறுபடியும் குழாயை விழுங்கினேன். இந்த முறை மூன்று இடத்தில் கிள்ளினார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் தாளைப் பிரித்தார். “மூணு எடத்துலயும் இல்லீங்க. காரணமில்லாம வெள்ளை அணுக்கள் கூடி வந்த வீக்கந்தான். மாத்திரைல அடங்கிரும்.”

“நாலாவதா ஒரு எடம்…” என்று இழுத்தேன்.

“எந்திரிங்க, ஊட்டுக்குப் போலாம்” என்று மனைவி என் மஞ்சள் கையைப் பிடித்து இழுத்தாள்.