கிளட்ச் இறுகிய வருஷம்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் மோட்டார் சைக்கிளின் மேல்தான் விழுந்தது. எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்த ஒற்றை சிலிண்டர் வண்டி அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பாவும் அம்மாவும் திருவனந்தபுரத்தில், கரமனைக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் தோசை மாவு ஆட்டி விற்றார்கள். அம்மா ஆட்டுவாள். அப்பா பாக்கெட்டுகளைப் பெரிய பைகளில் நிரப்பி, வண்டியின் இருபுறமும் தொங்கவிட்டு, விழிஞ்ஞம் வரை கடை கடையாகப் போடுவார். வெயிலில் வண்டி நின்றால் பாக்கெட்டுகள் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல உப்பிவிடும். உப்பியதைக் கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்பது ஒன்பது வயதில் எனக்கே தெரியும்.

முதலில் கிளட்ச். பிடிக்கவே முடியவில்லை, இறுகிவிட்டது என்று அப்பா மாமாவிடம் சொன்னார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தம்பானூரில் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை, மனசு முழுக்க மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்பேனர் பையோடு வந்து இறங்கினால் வண்டியில் பாதி எங்கள் முற்றத்தில் பரப்பிக் கிடக்கும். கேபிளுக்கு எண்ணெய் விட்டார். பிறகு கேபிளையே மாற்றினார். டேங்குக்கு அடியில் எங்கேயாவது மடங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். லீவரைக் கழற்றித் துருவைச் சுரண்டி கிரீஸ் வைத்தார். எல்லாம் பூட்டியபின் இரண்டே விரலால் இழுத்துக் காட்டினார்.

“வெண்ண மாதிரி இருக்கு கேட்டேளா, அத்தான்!”

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். “இல்ல மாப்ள. கட்டியாத்தான் கெடக்கு.”

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. அடுத்த வாரம் கிளட்ச் மூடியையே திறந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, இளகினதாகத் தேடி வாங்கி வந்து போட்டார். அது வேறு வினையாகப் போயிற்று. மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டி நகராது. உள்ளே தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்குகின்றனவாம். பழைய ஸ்பிரிங்குகளே திரும்பிப் போயின. அப்பா முன்போலவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாளிலிருந்து புதுத் தொல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி நடுவழியில் இருமி இருமி நின்றுவிடும். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை. உப்பிய மாவெல்லாம் வீட்டுக்கே திரும்பி வந்தது. மூன்று வேளையும் தோசை என்று நான் குதித்தேன். அம்மா அழுதுகொண்டே சுட்டாள்.

மாமா கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஜெட்டை வாயால் ஊதினார், பெட்ரோல் வரும் டியூபைப் பிடுங்கிப் பார்த்தார். முதலில் நன்றாக வந்த பெட்ரோல் கொஞ்சங் கொஞ்சமாகச் சொட்டாகி நின்றது. டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி கொட்டியது. அப்போதுதான் அந்த மூடியைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூஜைக்கு அம்மா கிரைண்டருக்கும் வண்டிக்கும் சந்தனம் வைத்து மேலே குங்குமம் இட்டிருந்தாள். அவள் கை எப்போதும் தாராளம். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போவதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. சந்தனம் காய்ந்து அதை அடைத்திருந்தது. பூஜைப் பொட்டு தானாகத்தான் உதிர வேண்டும், துடைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மாமா குண்டூசியால் குத்தி எடுத்தார். வெகுநாளைக்குப் பிறகு எல்லோரும் சிரித்தோம். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

“எல்லாம் ஒங்க அக்கா செஞ்ச வேல! இனி கிளட்சும் செரியாயிரும், பாத்துக்கோ.”

சந்தனத்துக்கும் கிளட்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று மாமாவுக்குத் தெரியும். ஆனாலும், “பிடிச்சுப் பாருங்க அத்தான்” என்றார். அப்பா பிடித்தார். லீவர் பாதி தூரம் வந்து நின்றது. அதற்கு மேல் விரல்கள் மடங்கவில்லை. சிரித்த முகத்தை மாற்ற மறந்து அப்படியே நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். லீவர் கடைசி வரை வந்துவிட்டது.

கைதட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். யாரும் தட்டவில்லை. மாமா ஸ்பேனர்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தார். அம்மா மாவுக் கையோடு வந்து அப்பாவின் இடது கையை எடுத்துத் திருப்பினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

“எத்தன நாளா இப்பிடி இருக்கு?”

“கிளட்ச் கட்டி. அதான்” என்றார் அப்பா.

என் பலத்தை யாரும் மெச்சவில்லை என்று எனக்கு அன்றைக்கெல்லாம் மனத்தாங்கல். அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். நரம்பு வியாதி, இடது கையில் தொடங்கியிருக்கிறது, வலது கைக்கும் வரும் என்று அங்கே சொன்னதை நான் வளர்ந்தபிறகுதான் கேள்விப்பட்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தினமும் காலையில் பள்ளிக்கூட நேரம் வரை அப்பா என்னை முன்னால் டேங்கின் மேல் உட்காரவைத்து மாவு போடக் கூட்டிப்போனார் என்பதுதான். “பிடி மக்ளே” என்றால் இழுப்பேன். அவர் காலால் கியரை மாற்றுவார். “விடு” என்றால் மெல்ல விடுவேன். வகுப்பில் எல்லோரிடமும் மலையாளத்தில் பீற்றிக்கொண்டேன், எங்கள் வண்டியைப் பாதி ஓட்டுவது நான்தான் என்று. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

ஒருநாள் காலையில் பழவங்காடி பிள்ளையார் கோயில் முன்னால் அப்பா வண்டியை நிறுத்தி ஒரு தேங்காய் வாங்கினார். வலது கையால் ஓங்கி எறிந்தார். தேங்காய் சுக்கல் சுக்கலாகச் சிதறியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிளட்ச் எனக்கு வந்ததுபோல அப்பாவின் வலது கைப் பக்கத்து ஆக்ஸிலேட்டரும் சீக்கிரம் எனக்கே வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

“என்ன மக்ளே கேட்ட?” என்று அப்பா குனிந்தார்.

சொன்னால் பலிக்காது என்று பயந்து, நான் வாயைத் திறக்கவே இல்லை.