இன்னொரு தடவை விழச் சொன்ன கர்னல்

இன்று மாலை மயிலாப்பூரில் ஒரு பாராட்டு விழா. ராணுவத்தில் சிப்பாய்களின் முழங்கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, ஓய்வுக்குப் பிறகு விளையாட்டுக்காரர்களுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கி நடத்திய கர்னல் டாக்டருக்கு.

"ஆறாத காலோடு யாரையும், எந்த அதிகாரி கேட்டாலும் களத்துக்கு அனுப்பமாட்டார்" என்று ஒருவர் புகழ்ந்து முடித்தார். பிறகு பொன்னாடை வரிசை.

அவரிடம் சிகிச்சை பெற்ற சிந்தாதிரிப்பேட்டை கபடிப் பெண் காலில் விழுந்து எழுந்தாள். டாக்டர் ஆசீர்வதிக்கவில்லை.

"திரும்ப ஒரு தடவை விழும்மா" என்றார். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

என் பக்கத்து நாற்காலி மாமா கொதித்துவிட்டார். "பாத்தேளா, ஒரு நமஸ்காரம் போறலையாம் அவருக்கு!"

எனக்கோ, இவர் எதைப் பார்க்கிறார் என்று ஆவல். அவர் கண் அவளுடைய இடது முழங்காலிலேயே இருந்தது.

அவள் மறுபடி விழுந்தாள். எழும்போது கையை ஊன்றினாள்.

"வலிக்குதா?"

"லைட்டா குத்திக்கினு கீது சார். ஞாயித்துக்கெழம மேட்ச்சு கீது, கோச் ஆடச் சொல்றாரு."

கோச் அடுத்த பொன்னாடையோடு அவள் பின்னாலேயே நின்றிருந்தார். டாக்டர் அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"இவ ஞாயித்துக்கிழமை ஆடமாட்டா. சரின்னா போத்துங்க."

கோச் தலையாட்டிவிட்டுப் போர்த்தினார். அதற்குத்தான் இன்றைக்குப் பெரிய கைதட்டல்.

கடைசியில் மாமாவும் மேடையேறினார். காலில் விழவில்லை. எட்ட நின்று ஒரு கும்பிடு.

படி ஏறினால் எனக்கும் முழங்காலில் சொடக்குச் சத்தம் வருகிறது. நான் நேராக டிபன் பக்கம் போய்விட்டேன்.

இந்த மின்மடல் குழுவிலிருந்து வந்திருந்தவர்கள் சொல்லுங்கள்: யாராவது தைரியமாக விழுந்தீர்களா?